வேதியியல் ஆய்வகப் பாதுகாப்பு

வேதியியல் ஆய்வகப் பாதுகாப்பு என்பது, பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் மாணவர்கள் செய்முறை பயிலும் வேதியியல் ஆய்வகங்களில் விபத்துகளைத் தவிர்க்கவும், நேர்ந்துவிட்ட விபத்தின் பாதிப்பைக் குறைக்கவும் கடைப்பிடிக்கப்படும் விதிகளையும் நடைமுறைகளையும் குறிக்கும். கண் பாதுகாப்பு, உடை, வேதிப்பொருட்களைக் கையாளும் முறை, கழிவகற்றல், முதலுதவி, ஆய்வகத்தில் நடந்துகொள்ளும் முறை ஆகியன இதில் அடங்கும். இவ்விதிகள் பெரும்பாலும் "செய்யாதே" என்ற வடிவிலேயே எழுதப்பட்டாலும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேதியியல் காரணம் உண்டு. அக்காரணத்தை அறிந்த மாணவர், மேற்பார்வையாளர் இல்லாத ஆராய்ச்சிக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் அவ்விதியைக் கைவிடுவது அரிது.

வரலாறு

யுஸ்டுஸ் வான் லீபிக் 1824 இல் செருமனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் பணியேற்று அங்கு உருவாக்கிய ஆய்வகம், மாணவர்கள் தம் கைகளாலேயே ஆய்வு செய்து கற்கும் முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. அக்காலத்தில் பாதுகாப்பு என்பது தனித்துறையாக வளர்ந்திருக்கவில்லை. ராபர்ட் பன்சன், ககோடைல் எனப்படும் ஆர்செனிக் சேர்மங்களை ஆய்ந்தபோது ஏற்பட்ட வெடிப்பில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார்.

பொருட்களைச் சுவைத்துப் பார்ப்பதும் அன்றைய வேதியியலாளரின் வழக்கங்களுள் ஒன்று. சுவீடனின் கார்ல் வில்லெம் சீலே தாம் தயாரித்த பொருட்களைச் சுவைத்துக் குறிப்பெழுதியவர். அவர் 1786 இல், 43 ஆம் அகவையில் இறந்தார். நச்சுப் பொருட்களுடன் நீண்டகாலம் பழகியது அவரது இறப்புக்குக் காரணமாக இருந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. 1879 இல் கான்ஸ்டன்டின் பால்பெர்க் கை கழுவாமல் உணவருந்தியபோது உணர்ந்த இனிப்பே சாக்கரின் கண்டறியப்படக் காரணமாயிற்று. 1965 இல் அஸ்பார்ட்டேமின் இனிப்பும், ஆய்வாளர் ஒருவர் விரலை நக்கியபோதே தெரியவந்தது. இவை நற்பேறாக முடிந்த விதிமீறல்கள். கையில் ஒட்டியிருந்தது இனிப்பூட்டியாக இல்லாமல் ஆர்செனிக் சேர்மமாகவும் இருந்திருக்கலாம். ஆய்வகத்தில் உண்ணலும் பருகலும் தடை செய்யப்படுவது இதனாலேயே.

உடையும் காப்புச் சாதனங்களும்

* கண்: ஆய்வு நடக்கும் நேரம் முழுவதும் பாதுகாப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். பார்வைக் குறைபாட்டுக்கான மூக்குக்கண்ணாடி பக்கவாட்டில் தெறிக்கும் துளிகளைத் தடுக்காது. தம் ஆய்வை முடித்துவிட்ட மாணவரும் கண்ணாடியைக் கழற்றக்கூடாது. அடுத்த மேசையில் ஆய்வு தொடர்ந்துகொண்டிருக்கும்.
* உடை: பருத்தியாலான மேலங்கி அணிதல் வேண்டும். செயற்கை இழைத் துணிகள் தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்வதால் தீக்காயம் ஆழமாகும்.
* தலைமுடி: நீண்ட முடியைப் பின்னால் கட்ட வேண்டும். துப்பட்டா, முந்தானை போன்றவற்றை மேலங்கிக்குள் அடக்க வேண்டும்.
* காலணி: பாதத்தை முழுமையாக மூடியதாக இருத்தல் வேண்டும். கைதவறிய அமிலம் பெரும்பாலும் காலிலேயே விழும்.
* கையுறை: எல்லாப் பொருட்களையும் தடுக்கும் கையுறை எதுவும் இல்லை. எடுத்துக்காட்டாக, நைட்ரைல் கையுறையை அசிட்டோன் விரைவில் ஊடுருவும். கையுறையோடு கதவுப்பிடியையோ கைப்பேசியையோ தொட்டால், பிறருக்கும் தமக்கும் அப்பொருளைப் பரப்பியதாகும்.

செய்முறையின்போது

அமிலத்தை நீர்க்கச் செய்தல்

செறிந்த கந்தக அமிலம் நீரைப்போல் ஏறத்தாழ 1.84 மடங்கு அடர்த்தி உடையது. அமிலத்தின்மேல் நீரை ஊற்றினால், நீர் மேற்பரப்பில் தங்கி, கலக்கும் இடத்தில் வெளிப்படும் வெப்பத்தால் கொதித்து, அமிலத் துளிகளை வெளியே தெறிக்கச் செய்யும். மாறாக, மிகுதியான நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக, கலக்கியபடியே ஊற்றினால், அமிலம் கீழிறங்கிப் பரவும். வெப்பத்தை நீர் முழுவதும் ஏற்றுக்கொள்ளும். எனவே எப்போதும் நீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும்.

சூடாக்குதல்

சோதனைக் குழாயின் வாய் எவரை நோக்கியும் இருத்தல் ஆகாது. அடிப்பகுதியை மட்டும் சூடாக்கினால் அங்கு உருவாகும் நீராவி மேலுள்ள நீர்மத்தை ஒரேயடியாக வெளியே தள்ளும். ஆகவே குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுடரில் அசைத்துக்கொண்டே சூடாக்க வேண்டும்.

டை எத்தில் ஈதர் 34.6 பாகை செல்சியசில் கொதிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேசைமீது படர்ந்து சென்று, தொலைவிலுள்ள சுடரில் பற்றி, வந்த வழியே குடுவைக்குத் திரும்பும். ஈதர் பயன்படும் நேரத்தில் அறையில் எங்கும் பன்சன் சுடரடுப்பு எரியக்கூடாது என்பதன் காரணம் இதுவே.

முகர்தலும் உறிஞ்சுதலும்

ஒரு பொருளின் மணத்தை அறியுமாறு செய்முறைக் குறிப்பு கூறினால் மட்டும், கையால் ஆவியை மூக்கை நோக்கி விசிறி முகரலாம். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது ஒருகாலத்தில் இயல்பான வழக்கமாக இருந்தது. இப்போது இரப்பர்க் குமிழே பயன்படுத்தப்பட வேண்டும். நச்சு வாயுக்கள் வெளியாகும் வினைகளை, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவுடைய ஃபியூம் ஹூட் எனும் அடைப்புக்குள் செய்ய வேண்டும்.

கண்ணாடிக் கருவிகள்

கண்ணாடிக் குழாயை இரப்பர் அடைப்பானில் செருகும்போது உடைந்து உள்ளங்கையைக் கிழிப்பது மாணவர்க்கு நேரும் காயங்களுள் நன்கறியப்பட்ட ஒன்று. குழாயை நீர் அல்லது கிளிசரினால் நனைத்து, துணியால் சுற்றி, அடைப்பானுக்கு அருகில் பிடித்து, தள்ளாமல் திருகியபடியே செருக வேண்டும்.

எச்சரிக்கைக் குறிகள்

வேதிப்பொருட்களின் வகைப்பாட்டுக்கும் சிட்டையிடலுக்குமான உலகளாவிய ஒத்திசைவு முறையை ஐக்கிய நாடுகள் அவை 2003 இல் வெளியிட்டது. சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் அமைந்த ஒன்பது படக்குறிகள் இதில் உள்ளன. தீச்சுடர், மண்டையோடு, கையையும் உலோகத்தையும் அரிக்கும் நீர்மம் முதலியன அவற்றுட் சில. ஒவ்வொரு பொருளுக்கும் 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாள் உண்டு. இதைப் படிக்க வேண்டிய நேரம் செய்முறைக்கு முந்திய நாளேயன்றி, பொருள் கையில் கொட்டிய பின்னர் அல்ல. சிட்டை இல்லாத புட்டியில் இருப்பதை நீர் என்று ஊகித்தல் ஆகாது.

கழிவகற்றல்

பயன்படுத்தி எஞ்சிய பொருளை மூலப் புட்டியில் திரும்ப ஊற்றக்கூடாது. புட்டி முழுவதும் மாசுறும். கழிவுகளையும் கண்டபடி கலக்கக்கூடாது. சயனைடு உப்புடன் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு எனும் கொடிய நச்சுவாயு வெளியாகும். நைட்ரிக் அமிலமும் கரிமக் கரைப்பான்களும் ஒரே புட்டியில் சேர்க்கப்பட்டு இறுக மூடப்பட்டால், மெல்ல உருவாகும் வாயுக்களால் சில மணி நேரத்துக்குப் பின் புட்டி வெடிக்கலாம். அப்போது அங்கு நிற்பவர் வேறொரு வகுப்பின் மாணவராக இருக்கக்கூடும்.

விபத்து நேர்ந்தால்

கண்ணில் வேதிப்பொருள் பட்டால், இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடங்கள் ஓடும் நீரில் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குக் கூடுதல் தீங்கு தரவல்லது. அது திசுக்களைக் கரைத்து உள்ளே ஊடுருவிச் செல்லும். உடலில் கொட்டினால், நனைந்த உடையை அகற்றியபடியே பாதுகாப்பு நீர்த்தூவியின்கீழ் நிற்க வேண்டும். கூச்சத்தால் உடையோடு இருப்பது காயத்தை ஆழமாக்கும். அமிலம் பட்ட தோலில் காரத்தை ஊற்றி நடுநிலையாக்க முயலக்கூடாது. அவ்வினை வெப்பத்தை வெளியிடும்.

முகவையில் பற்றிய சிறு தீயைக் கண்ணாடித் தட்டால் மூடினாலே அணைந்துவிடும். எரியும் கரைப்பானில் நீரை ஊற்றினால், நீரைவிட இலேசான கரைப்பான் மிதந்து தீயைப் பரப்பும். சோடியம் போன்ற உலோகத் தீக்கு நீரும் கரியமில வாயுத் தீயணைப்பானும் ஏற்றவையல்ல. உலர்ந்த மணல் பயன்படும். உடையில் தீப்பற்றியவர் ஓடினால் தீ வளரும். அவரைத் தரையில் உருளச் செய்ய வேண்டும். அல்லது நீர்த்தூவியின்கீழ் நிறுத்த வேண்டும்.

குறிப்பிடத்தக்க விபத்துகள்

* 1996 ஆகத்தில் ஐக்கிய அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், கையுறை அணிந்தே பணியாற்றியபோது, சில துளி டைமெத்தில் பாதரசம் அதன்மேல் சிந்தியது. அந்த லேட்டக்ஸ் கையுறையை அப்பொருள் சில நொடிகளில் ஊடுருவக்கூடியது என்பது பின்னரே தெரிந்தது. அவர் 1997 சூனில் இறந்தார்.
* 2008 திசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், காற்றில் தானே தீப்பற்றும் மூவிணைய பியூட்டைல் லித்தியத்தை ஊசிக்குழலால் எடுத்த ஆய்வு உதவியாளரின் உடையில் தீப்பற்றியது. மேலங்கி அணியாதிருந்த அவர் 18 நாட்களுக்குப் பின் இறந்தார்.
* 2010 சனவரியில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில், வெடிக்கும் தன்மையுள்ள நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட்டைப் பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் அரைத்தபோது அது வெடித்து, அவர் மூன்று விரல்களை இழந்தார். 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக்கூடாது என்ற வரம்பு வாய்மொழியாக மட்டுமே இருந்தது. தயாரிக்கப்பட்டதோ ஏறத்தாழ 10 கிராம். பணி முடிந்ததென்று கண்ணாடியைக் கழற்றியவர், இன்னொரு முறை கிளறலாம் என்று திரும்பியபோதே வெடிப்பு நேர்ந்தது.

இம்மூவரும் தொடக்கநிலை மாணவர் அல்லர். பின்னிரண்டு நிகழ்வுகளில் விடுபட்டவை, மேலங்கி, கண்ணாடி என முதலாண்டு வகுப்பில் கற்பிக்கப்படும் விதிகளே.

மாணவர், ஆசிரியர் பொறுப்புகள்

தனியாக ஆய்வு செய்யாதிருத்தல், அனுமதியற்ற சோதனைகளைத் தவிர்த்தல், விளையாட்டுத்தனமாக நடவாதிருத்தல் ஆகியன மாணவரின் அடிப்படைக் கடமைகள். மயங்கி விழுந்தவர் தாமே உதவிக்கு அழைக்க இயலாது என்பதால், தனிமை சிறு விபத்தையும் பெரிதாக்கும்.

சிறு காயத்தையும், காயமின்றித் தப்பிய நிகழ்வையும் ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். உடைந்த கருவிக்குத் தண்டமும் மதிப்பெண் குறைப்பும் விதிக்கப்படும் ஆய்வகங்களில், உடைந்த வெப்பமானியின் பாதரசம் இழுப்பறைக்குள் மறைக்கப்படுவதுண்டு. அதன் ஆவியை அடுத்து வரும் வகுப்பினரும் சுவாசிப்பர். எனவே அஞ்சாமல் சொல்லக்கூடிய சூழலை ஏற்படுத்துவது ஆசிரியரின் பொறுப்பாகும். ஆசிரியர் கண்ணாடி அணியாத ஆய்வகத்தில், சுவரில் ஒட்டிய விதிப்பட்டியலால் பயன் குறைவு.

இவற்றையும் பார்க்கவும்

* பன்சன் சுடரடுப்பு
* முதலுதவி
* தீயணைப்பான்
* கந்தக அமிலம்