சிறு வினாக்களும் பெரு வரலாறும்

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் முடிமன்னரும் படைத்தலைவரும் நம் மனக்கண்முன் தோன்றுவர். போர்களும் உடன்படிக்கைகளும் ஆண்டுக் கணக்குகளும் வரிசை வரிசையாக வந்து நிற்கும். ஆயினும், அம்மன்னர் ஆண்ட நாட்டில் வாழ்ந்த உழவரும் தச்சரும் நெசவாளரும் இல்லத்தரசியரும் காலையில் எழுந்து எதனை உண்டனர்? எதற்கு அஞ்சினர்? எதனைக் கேட்டு நகைத்தனர்? போர் மூண்டது என்று அறிந்தபோது தம்முள் என்ன எண்ணினர்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் ஏடுகள் மிகச் சிலவே. அம்மக்களை ஒருவரும் கேட்கவில்லை. ஆதலின் அவர்களும் சொல்லாமலே மறைந்தனர்.

இக்குறையை நீக்கும் பொருட்டு, எளிய மக்களிடம் எளிய வினாக்களைக் கேட்டு, அவர்தம் விடைகளை அவர்தம் சொற்களிலேயே போற்றி வைக்கும் முயற்சியொன்று இங்கிலாந்தில் எழுந்தது. அது தொடங்கிய ஆண்டு 1937. ‘மாஸ் அப்சர்வேஷன்’ என்பது அதன் பெயர். ‘மக்கள் திரளை நோக்குதல்’ என்று அதனைத் தமிழில் கூறலாம்.

இம்முயற்சிக்கு அடிகோலியவர் மூவர். சார்லஸ் மாட்ஜ் என்பவர் கவிஞர். நாளிதழ் ஒன்றில் செய்தியாளராகவும் பணியாற்றியவர். ஹம்ப்ரி ஜென்னிங்ஸ் என்பவர் ஓவியர்; திரைப்படக் கலையிலும் வல்லவர். டாம் ஹாரிசன் என்பவர் பறவைகளின் வாழ்வை ஆராய்ந்தவர். பசிபிக் மாக்கடலில் உள்ள மலேகுலா என்னும் தீவில் தங்கி, அங்குள்ள மக்களின் பழக்கவழக்கங்களைக் கண்டறிந்தவர். அவர் தாயகம் திரும்பியபோது அவருள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. ‘கடல் கடந்து சென்று பிறநாட்டாரின் வாழ்வை ஆராய்கின்றோம். நம் தெருவில் வாழும் மக்களின் வாழ்வை நாம் அறிவோமா?’ என்பதே அவ்வையம்.

அக்காலத்து நிகழ்ச்சியொன்றும் இம்முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. எட்டாம் எட்வர்டு மன்னர் தாம் விரும்பிய பெண்மணியை மணத்தற்பொருட்டு, 1936ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அரியணையைத் துறந்தார். அச்செய்தி வெளிப்படும்வரை அந்நாட்டுச் செய்தித்தாள்கள் பல திங்கள் வாய்மூடியிருந்தன. வெளிப்பட்ட பின்னரோ, ‘மக்களின் கருத்து இது’ என்று அவை ஆளுக்கொரு வகையாக எழுதின. மக்களைக் கேளாமலே மக்களின் கருத்தைக் கூறுதல் எவ்வாறு பொருந்தும்? மக்களையே கேட்டல் வேண்டும் என்று அம்மூவரும் துணிந்தனர். 1937ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள், ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ என்னும் வார இதழில் அவர்கள் எழுதிய மடல் வெளிவந்தது. இப்பணிக்குத் தொண்டர்கள் தேவை என்று அம்மடல் அழைத்தது. எழுத்தர், ஆசிரியர், மாணவர், கடையில் பணிபுரிவோர், இல்லத்தரசியர் எனப் பலரும் அவ்வழைப்பை ஏற்று முன்வந்தனர்.

அத்தொண்டர்கள் செய்த முதற்பணி மிக எளியது. பிப்ரவரி 12ஆம் நாள் தொடங்கி, அவ்வாண்டில் திங்கள்தோறும் 12ஆம் நாளன்று, விழித்தெழுந்தது முதல் உறங்கச் செல்லும்வரை தாம் செய்தவற்றையும் கண்டவற்றையும் கேட்டவற்றையும் எழுதியனுப்புதலே அது. அவ்வாண்டு மே மாதம் 12ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடினார். செய்தித்தாள்கள் தேரையும் முடியையும் பற்றி எழுதின. தொண்டர்களோ, தெருவில் மழையில் நனைந்தவர் பேசிய பேச்சையும், வானொலியருகே அமர்ந்திருந்தவரின் முகக்குறிப்பையும், விழாவைப் பொருட்படுத்தாது தம் வேலையைப் பார்த்தவரின் போக்கையும் எழுதினர். அவ்வெழுத்துகள் தொகுக்கப்பெற்று, அவ்வாண்டிலேயே ‘மே பன்னிரண்டு’ என்னும் நூலாக வெளிவந்தன.

பின்னர்த் தொண்டர்களுக்கு வினா மடல்கள் செல்லலாயின. போர்க்காலத்தில் பெரும்பாலும் திங்கள்தோறும் அவை சென்றன. அவற்றில் இருந்த வினாக்கள் அறிஞர்களை நோக்கி விடுக்கப்படும் அரிய வினாக்கள் அல்ல. அடுத்த வீட்டாரிடம் திண்ணையில் அமர்ந்து கேட்கத்தக்க வினாக்களே. உண்பது, உடுப்பது, உறங்குவது, கனவு காண்பது ஆகியவற்றைப் பற்றியும் கேட்டனர். நாட்டு நடப்பைப் பற்றிய கருத்தையும் கேட்டனர்.

அவ்வினாக்களுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. குளிர்நாடாகிய இங்கிலாந்தில் வீட்டின் முன்னறையில் சுவரையொட்டிக் கணப்பு அமைத்திருப்பர். அக்கணப்பின்மேல் ஒரு பலகை உண்டு. ‘உங்கள் வீட்டுக் கணப்புப் பலகையின்மேல் உள்ள பொருள்கள் யாவை? இடப்புறத்திலிருந்து வலப்புறம்வரை வரிசையாக எழுதுக’ என்று 1937இல் கேட்டனர். இஃது என்ன வினா என்று நகைத்தவரும் இருந்திருப்பர். ஆனால், நினைத்துப் பார்த்தால் அதன் ஆழம் விளங்கும். கடிகாரம், நிழற்படம், மறுமொழி எழுதப்படாத மடல், மருந்துப் புட்டி ஆகிய இவையெல்லாம் ஒரு குடும்பத்தின் செல்வ நிலையையும் அன்பையும் கவலையையும் வாய்திறவாமல் கூறவல்லவை. அதே வினாவை 1983ஆம் ஆண்டில் மறுமுறையும் கேட்டனர். அதற்குள் கணப்பே இல்லாத வீடுகள் பெருகிவிட்டன. அரை நூற்றாண்டில் ஒரு நாட்டின் இல்லறம் மாறிய வகையை, ஒரு பலகையின்மேல் இருந்த பொருள்களைக் கொண்டே இன்று அறிய முடிகின்றது.

1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டது. அப்போது தொண்டர்கள் நாள்தோறும் குறிப்பெழுதி அனுப்புமாறு வேண்டப்பெற்றனர். அவ்வாறு எழுதியவருள் ஒருவர் நெல்லா லாஸ்ட் என்னும் அம்மையார். கப்பல் கட்டும் தொழில் சிறந்த பாரோ என்னும் ஊரில் அவர் வாழ்ந்தார். அவர் கணவர் தச்சர், மைந்தர் இருவர். தம்மைப் பற்றிக் குறிப்பிட நேர்ந்தபோது, ‘இல்லத்தரசி, வயது 49’ என்று மட்டுமே அவர் குறித்தார். பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. ஆயினும், அவ்வம்மையார் போர் முடிந்த பின்னரும் பல்லாண்டுகள் விடாது எழுதினார். அவர் எழுதியவை இலட்சக்கணக்கான சொற்களாகப் பெருகின.

அவர் எழுதியவை யாவை? 1940ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்தது. அளந்து கிடைத்த உணவுப்பொருளைக் கொண்டு குடும்பத்தை நடத்திய வகையை எழுதினார். 1941ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் அவ்வூரின்மீது குண்டுகள் விழுந்தன. தம் வீடு சிதைவுற்றதையும், அச்சத்தால் தாம் நடுங்கியதையும் மறையாது எழுதினார். இளைய மைந்தர் படையில் சேர்ந்தபோது தாயுள்ளம் பட்ட பாட்டை எழுதினார். அவை மட்டுமா? போர்க்காலத் தொண்டு நிலையங்களில் உழைத்தபோது, இதுகாறும் வீட்டிற்குள் அடங்கிக் கிடந்த தம் ஆற்றல் வெளிப்பட்டதையும், அதனால் தமக்கு ஏற்பட்ட பெருமிதத்தையும் எழுதினார். தம் கணவரிடத்திலும் சொல்ல இயலாதவற்றைத் தாளிடத்துச் சொன்னார். போரின் வரலாறு பல நூல்களில் உண்டு. போர்க்காலத்தில் ஒரு பெண்மணியின் மனம் விரிந்த வரலாற்றை அவர் எழுதியிராவிடின் எவர் எழுதியிருப்பர்? அவர் 1968ஆம் ஆண்டில் மறைந்தார். அவர்தம் போர்க்காலக் குறிப்புகள் 1981இல் நூலாக வெளிவந்தன. அவர் குறித்த ‘இல்லத்தரசி, 49’ என்னும் தொடரே 2006இல் ஒரு தொலைக்காட்சிப் படத்திற்குப் பெயராயிற்று.

மக்களின் விடைகள் பிற்காலத்தார்க்கு மட்டுமன்றி, அக்காலத்து அரசினர்க்கும் பயன்பட்டன. போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் அரசினர் சுவரொட்டி ஒன்றை நாடெங்கும் ஒட்டினர். ‘உங்கள் வீரமும், உங்கள் மகிழ்ச்சியும், உங்கள் உறுதியும் வெற்றியைத் தரும்’ என்பது அதன் கருத்து. யாருக்கு வெற்றியைத் தரும்? அவ்விடத்தில் இருந்த ஆங்கிலச் சொல், ‘நமக்கு’ என்றும் பொருள்படும். ‘எங்களுக்கு’ என்றும் பொருள்படும். தமிழில் இவ்விடர்ப்பாடு இல்லை. ‘நாம்’ என்னும் சொல் கேட்போரையும் உளப்படுத்தும்; ‘நாங்கள்’ என்னும் சொல் அவரை விலக்கும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இன்மையால், அரசினர் ‘நமக்கு’ என்று எண்ணி எழுதியதை, மக்களுள் சிலர் ‘எங்களுக்கு’ என்று கொண்டனர். ‘துன்பம் உங்களுடையது, வெற்றி எங்களுடையது’ என்று ஆள்வோர் கூறுவதாகவே அவர்களுக்குத் தோன்றியது. சுவரொட்டியைப் பற்றி மக்களைக் கேட்டறிந்தபோது இக்குறை வெளிப்பட்டது. மேலிருந்து சொல்வோர்க்குத் தெரியாத பொருள், கீழிருந்து கேட்போர்க்குத் தெரியும். ஆதலின், சொல்வதோடு நில்லாது கேட்டலும் அரசின் கடமையாகும்.

இம்முயற்சியில் குறைகள் இல்லாமல் இல்லை. எழுதுவதற்கு ஓய்வும் எழுத்தறிவும் உடையவரே மிகுதியாக எழுதினர். கடும் உழைப்பில் களைத்தவருள் எழுதியவர் சிலரே. எனவே, அவ்விடைகளைக் கொண்டு ‘நாட்டு மக்கள் அனைவரும் இவ்வாறே எண்ணினர்’ என்று முடிவு கட்டுதல் தவறாகும். மேலும், ஹாரிசனும் அவர்தம் தோழரும் போல்ட்டன் என்னும் நெசவாலை நகரில் தங்கி, மதுக்கடைகளிலும் தெருக்களிலும் மக்கள் பேசுவதை அவர் அறியாமலே குறித்துக்கொண்டனர். பிறர் அறியாமல் அவர் பேச்சைக் கேட்டு எழுதுதல் முறையாகுமா என்று பலர் வினவினர். அவ்வினா நேரியதே. ஒருவர் தாமே விரும்பிக் கூறுவது வேறு. அவர் அறியாமல் கவர்ந்துகொள்வது வேறு. முன்னது கொடை; பின்னது அத்தகையது அன்று. தாமே எழுதிய தொண்டர்களின் பெயர் வெளிப்படாமல் காக்கப்பட்டது. அந்நம்பிக்கை இருந்தமையால்தான் அவர்கள் மனந்திறந்து எழுதினர்.

போருக்குப் பின் இப்பணி மெல்லத் தளர்ந்தது. ஏடுகள் பெட்டிகளில் உறங்கின. 1970ஆம் ஆண்டளவில் அவை பிரைட்டன் நகரின் அருகில் உள்ள சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன. 1975 முதல் ஆராய்வார்க்கு அவை திறந்துவிடப்பட்டன. 1981இல் மக்களிடம் வினா மடல் விடுக்கும் பணி மீண்டும் தொடங்கியது. அதனைத் தொடங்கியவருள் ஒருவரான டேவிட் போகாக் என்னும் பேராசிரியர், நம் நாட்டுக் குசராத்தில் பாட்டிதார் என்னும் உழவர் குடியினரின் வாழ்வை ஆராய்ந்தவர் என்பது அறியத்தக்கது. 2010 முதல், ஆண்டுதோறும் மே மாதம் 12ஆம் நாளன்று தம் ஒருநாள் வாழ்வை எழுதியனுப்புமாறு பொதுமக்கள் அழைக்கப்படுகின்றனர். 2020ஆம் ஆண்டில் கொடுந்தொற்றுநோய் பரவி, மக்கள் வீட்டினுள் அடைபட்டிருந்தபோது, மிகப் பலர் அவ்வழைப்பை ஏற்று எழுதினர்.

இக்காலத்தில் தம் பழக்கத்தையும் கருத்தையும் பிறர்க்குக் கூறுதல் எளிதாகிவிட்டது. ‘காலையில் காப்பியா, தேநீரா? பிடித்த நூல் எது? ஓய்வு நாளை எவ்வாறு கழித்தீர்?’ என்று வாரந்தோறும் ஒருவரையொருவர் கேட்டு விடை பகர்வோர் பலர். இதனை வீண்பேச்சு என்று முற்றும் தள்ளுதல் வேண்டா. வினா சிறிதாயினும், விடை மெய்யாயின் அது பயன்படும். ஆனால், பிறர் மெச்சுதற்பொருட்டு உண்ணாததை உண்டதாகவும், எண்ணாததை எண்ணியதாகவும் கூறின், அவ்விடை இன்றைக்கும் உதவாது, நாளைக்கும் உதவாது. நெல்லா அம்மையார் தம் அச்சத்தை மறைத்து வீரம் பேசியிருந்தால், அவர் எழுத்தை இன்று நாம் தேடிப் படிப்போமா?

ஆகவே, மாணவர்கள் தம்மிடம் யாரேனும் எளிய வினாவொன்றைக் கேட்டால், அதற்கு உண்மையான விடையைத் தம் சொந்தச் சொற்களில் கூறப் பழகுதல் வேண்டும். வீட்டில் உள்ள பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் அத்தகைய வினாக்களைக் கேட்டு எழுதி வைத்தலும் நன்று. ‘சிறுவயதில் பள்ளிக்கு எவ்வாறு சென்றீர்கள்? வீட்டில் முதன்முதல் மின்விளக்கு எரிந்த இரவில் என்ன நினைத்தீர்கள்?’ என்று கேட்டால், அவர்கள் முகம் மலரும். மறந்தவை நினைவிற்கு வரும். கேட்கப்படாத வினாவின் விடை, அதனை அறிந்தவரோடு மறைந்துபோகும். கேட்டு எழுதிய விடையோ, அவருக்குப் பின்னும் நின்று பேசும்.