இறாலும் எலியும்

திருவனந்தபுரத்துப் பாளையம் சந்தையில் 'செம்மீன்' என்றும் 'கொஞ்சு' என்றும் விற்கப்படுவதைத் தமிழர் இறால் என்பர். பெயர் எதுவாயினும், அது வந்த வழி இரண்டு. ஒன்று கடல், மற்றொன்று வளர்ப்புக் குளம். கடலில் திரியும் இறாலுக்கு எவரும் மருந்து கொடுப்பதில்லை. குளத்து இறாலோ நெருக்கத்தில் வாழ்வது. ஒன்றைப் பற்றிய நோய் சில நாள்களில் குளம் முழுவதும் பரவும். எனவே வளர்ப்போர் மருந்தை நாடினர்.

அவ்வாறு நாடப்பட்ட மருந்துகளுள் நைட்ரோபியூரான் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை சில. பியூரசோலிடோன், நைட்ரோபியூரசோன் என்பவை அவற்றுள் பெயர் பெற்றவை. விலை குறைவு, பலவகைக் கிருமிகளை அழிக்கும். கோழி, பன்றி, மீன், இறால் எனப் பல உயிர்களுக்கும் அவை உலகெங்கும் கொடுக்கப்பட்டன. மருந்து கிருமியைக் கொல்கிறதா என்பதைச் சில நாள்களில் அறிந்துவிடலாம். அந்த இறாலை முப்பது ஆண்டுகள் உண்ணும் மனிதருக்கு என்ன நேரும் என்பதை எப்படி அறிவது? மனிதரை வைத்து முப்பது ஆண்டுகள் சோதித்துப் பார்த்தல் இயலாது, முறையும் ஆகாது.

இங்கேதான் எலி வருகிறது. ஆய்வக எலியின் வாழ்நாள் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். ஆகவே இரண்டாண்டுச் சோதனை என்பது எலிக்கு அதன் இளமை முதல் முதுமை வரையிலான காலம். புற்றுநோய் மெல்ல வளர்வது, முதுமையில் மிகுவது. எலியின் முதுமையை ஆய்வாளர் தம் பணிக்காலத்திற்குள் கண்டுவிட முடியும்.

பல நாடுகளும் ஏற்றுக்கொண்ட சோதனை முறை ஒன்று உண்டு. எலிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்படும். மூன்று குழுக்களுக்கு உணவில் மருந்து வெவ்வேறு அளவில் கலக்கப்படும். நான்காம் குழுவுக்கு மருந்து இல்லை. உணவு, நீர், கூடு, வெளிச்சம் யாவும் மற்றவற்றுக்கு உரியனவே. ஒவ்வொரு குழுவிலும் ஆண் எலி 50, பெண் எலி 50. ஆக 400 எலிகள். எலிகளைப் போன்றே சுண்டெலிகளிலும் தனியே ஒரு சோதனை நடைபெறும்.

மருந்து பெறாத குழு எதற்கு என்று வினவலாம். மருந்தே உண்ணாத எலிக்கும் முதுமையில் கட்டி வருவதுண்டு. அக்குழு இல்லையெனில், கண்ட கட்டிகளுள் மருந்தால் வந்தவை எத்தனை, மூப்பால் வந்தவை எத்தனை எனப் பிரித்தறிய வழியில்லை.

மருந்தின் அளவு பற்றியும் ஓர் ஐயம் எழுவது இயல்பு. மனிதர் உண்ணும் இறாலில் மருந்தின் துகளே இருக்கும். எலிக்கோ அதனினும் பன்மடங்கு கொடுக்கப்படுகிறது. இது நேர்மையான சோதனையா? கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு மருந்து ஆயிரம் பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகக் கொள்வோம். கேரளத்தின் மக்கள்தொகை மூன்று கோடிக்கு மேல். அவர்களுள் முப்பதாயிரம் பேருக்கு அது நோயாகும். ஆனால் அதே அளவை 50 எலிகளுக்குக் கொடுத்தால் ஒன்றுக்கும் நோய் வராமல் போவதற்கே வாய்ப்பு மிகுதி. சிறிய கூட்டத்தில் பெரிய உண்மையைக் காண அளவை உயர்த்த வேண்டியுள்ளது. அதற்கும் எல்லை உண்டு. மருந்தின் நஞ்சாலேயே எலி மெலிந்து இறந்தால் சோதனை பயனற்றது. ஆகவே உடல் எடை ஏறத்தாழப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையாத அளவே உச்ச அளவாகக் கொள்ளப்படுகிறது.

இரண்டாண்டு முடிந்ததும் எஞ்சிய எலிகள் வலியின்றிக் கொல்லப்படுகின்றன. ஒவ்வோர் எலியிலிருந்தும் கல்லீரல், சிறுநீரகம், மூளை முதலாக ஏறத்தாழ 40 உறுப்புத் திசுக்கள் எடுக்கப்பட்டு, மெல்லிய சீவல்களாக்கப்பட்டு, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பதிக்கப்படும். 400 எலிகளுக்கு 16,000 தகடுகள். அவற்றை நோயியல் வல்லுநர் நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரண்டாமவர் ஒருவர் அதனைச் சரிபார்ப்பார். சோதனையின் மிகக் கடினமான பகுதி இதுவே எனலாம். பொறுமை குன்றின் இங்கேதான் பிழை நேரும்.

நைட்ரோபியூரசோனை அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் இவ்வாறு ஆராய்ந்து 1988-இல் முடிவை வெளியிட்டது. பெண் எலிகளில் பால் சுரப்பியிலும் பெண் சுண்டெலிகளில் கருவகத்திலும் கட்டிகள் தெளிவாக மிகுந்திருந்தன. ஆண் சுண்டெலிகளில் சான்று ஏதுமில்லை. ஆண் எலிகளில் கண்டது ஐயத்திற்குரியது. ஆண்களை மட்டுமே சோதித்திருந்தால் அம்மருந்தைப் பற்றிய தெளிவான சான்று கிடைத்திராது!

பெரும்பாலான கால்நடை மருந்துகளுக்கு, எலியில் தீங்கு காணப்படாத அளவைக் கண்டறிந்து, அதனை நூறால் வகுத்து மனிதருக்கான எல்லையை வகுப்பர். பசுவுக்கு ஊசி போட்ட பின் சில நாள்கள் பாலை விற்கலாகாது என்னும் விதி அந்த எல்லையிலிருந்து பிறப்பதே. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், பாறசாலையில், தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் சாவடியை ஊருக்குப் போகும் பிள்ளைகள் சிலர் கண்டிருக்கலாம். ஆனால் மரபணுவையே தாக்கும் மருந்துக்கு 'இவ்வளவு வரை தீங்கில்லை' என்று கோடு போட முடிவதில்லை. நைட்ரோபியூரான்களுக்கு அவ்வாறு எல்லை வகுக்க இயலாமற் போயிற்று. அமெரிக்கா 1970களில் தொடங்கிய விவாதத்தை 1991-இல் முடித்து, உணவுக்குரிய விலங்குகளின் உள்மருந்தாக அவை பயன்படுவதை விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 1995-க்குள் முற்றிலும் தடை செய்தது.

எலி காட்டியது எச்சரிக்கை. மனிதர் மீதான தீர்ப்பு அன்று. உலகச் சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவையா என வகைப்படுத்தப் போதிய சான்றில்லை என்றே குறித்துள்ளது. ஐயம் இருக்கும்போது எப்பக்கம் சாய்வது என்பதே சட்டம் இயற்றுவோர் முன் நின்ற வினா. உண்பவர் பக்கம் அவர்கள் சாய்ந்தனர்.

தடைக்குப் பின்னும் சில குளங்களில் பழக்கம் நின்றபாடில்லை. நைட்ரோபியூரான் உடலில் சில மணி நேரத்திலேயே சிதைந்து மறையும். ஆகவே பழைய ஆய்வுக் கருவிகள் அதனைக் காணவில்லை. ஆயினும் சிதைந்த துண்டுகள் தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பல வாரங்கள் தங்குகின்றன, சமைத்தாலும் நீங்குவதில்லை. அத்துண்டுகளைத் தேடும் நுட்பம் வந்ததும், 2002-ஐ ஒட்டித் தாய்லாந்து, வியட்நாம், இந்தியா ஆகிய நாடுகளின் இறாலில் அவை ஐரோப்பாவில் கண்டறியப்பட்டன. சரக்குகள் திருப்பப்பட்டன. மருந்தைக் கலந்தவர் எங்கோ ஒரு குளக்கரையில் இருக்க, சரக்கு திரும்பும்போது வேலை குறைவது ஏற்றுமதிக் கூடங்களில் நாளெல்லாம் இறால் உரிக்கும் பெண்களுக்கும்தான்.

இதன் பின்னர், கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், இறாலைக் குளத்திலிருந்து பிடிப்பதற்கு முன்பே சோதிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. இந்தியாவிலும் நீருயிர் வளர்ப்பில் நைட்ரோபியூரான்கள் தடை செய்யப்பட்டுள்ளன.

எலிகளை அழைத்து இசைவு கேட்டவர் எவருமில்லை. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி, விலங்குச் சோதனை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். திருவனந்தபுரம் பூஜப்புரையில், ஒரு காலத்தில் அரண்மனையாக இருந்த சாட்டல்மண்ட் மாளிகையில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. உடலுக்குள் பொருத்தும் கருவிகள் நஞ்சற்றவையா என அங்கு ஆராய்வோரும் அத்தகைய ஒப்புதல் பெற்றே விலங்குகளைத் தொடுகின்றனர். அந்நிறுவனத்தின் செயற்கை இதய வால்வு முதலில் செம்மறியாடுகளில் பொருத்திப் பார்க்கப்பட்டு, 1990-இல்தான் மனிதர் இதயத்திற்குச் சென்றது. மனித மருந்துகளைப் பொறுத்தவரை, வேறு சான்றுகள் போதுமானவையாக இருப்பின் எலியின் இரண்டாண்டுச் சோதனையைத் தவிர்க்கலாம் என 2022-இல் பன்னாட்டு நெறிமுறை திருத்தப்பட்டது.

எலி எண்ணிக்கை குறையலாம். தேடும் கண் மட்டும் கூர்மையாகிக்கொண்டே வருகிறது. ஒரு கிலோ இறாலில் ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, என்றிருந்த ஐரோப்பிய அளவு 2022 நவம்பர் முதல் அதிலும் பாதியாக்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நைட்ரோபியூரசோன் விட்டுச்செல்லும் செமிகார்பசைடு என்னும் துண்டு, மருந்தே காணாத சில இறால்களின் ஓட்டிலும் இயல்பாக இருக்கிறது. ஆகவே ஆய்வகத்தில் முதல் வேலை, வீட்டுச் சமையலறையில் போலவே, ஓட்டை உரித்தெறிவதுதான்.