பணத்தை எண்ணுமுன் உறுதியைப் பாருங்கள்

வீடு வாங்கியவர்கள் எம்மிடம் ஆலோசனை கேட்டு வருவது பெரும்பாலும் பணம் கைமாறிய பின்னர்தான். கையில் மடித்த தாள் ஒன்று இருக்கும். அதில் விற்றவரின் கையொப்பம், வாங்கியவரின் கையொப்பம், கிராம அலுவலரின் றப்பர் முத்திரை, சிலவேளைகளில் பங்குத் தந்தை ஒருவரின் கையொப்பமும் காணப்படும். "சுவாமி, இது செல்லுந்தானே?" என்று கேட்பார்கள்.

செல்லாது. இலங்கையில் தனியார் காணியும் அதன் மேலுள்ள வீடும் கைமாற வேண்டுமாயின், நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க எழுதிக் கையொப்பமிட்ட உறுதி வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இதைக் கூறுகின்றது. வெள்ளைத் தாளில் எழுதிய ஒப்பந்தமோ சத்தியக் கடதாசியோ காணியை உங்களுக்குத் தராது. பணம் கொடுத்ததற்கு ஒரு சான்றாக மட்டுமே நிற்கும். எமது குருக்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறோம்: மக்கள் நம்பிக்கையோடு நீட்டும் காணித் தாளில் சாட்சியாக ஒப்பமிடுவது அவர்களுக்குச் செய்யும் உதவியன்று. செல்லாத தாளுக்குச் செல்லும் தாளின் தோற்றத்தை அது கொடுத்துவிடுகின்றது.

வீடு பார்க்கச் செல்பவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள், சுவர் வெடிப்பைப் பார்க்கிறார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறார்கள். இவை வேண்டியவைதான். ஆயினும் கூரையைப் பின்னர் மாற்றலாம். வீடு நிற்கும் நிலத்தின் மீது விற்பவருக்கு என்ன உரிமை உண்டு என்பதைப் பின்னர் மாற்ற முடியாது.

உறுதிக் காணியா, போமிட் காணியா?

வன்னியிலும் மன்னாரிலும் குடியேற்றத் திட்டக் கிராமங்களிலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. இக்கிராமங்களில் பெருமளவு காணி அரச காணி. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், மக்கள் போமிட் என்று அழைக்கும் அனுமதிப்பத்திரத்தில் அது வழங்கப்பட்டது. போமிட் பெற்றவர் அதில் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், தமக்குப் பின் உரித்தாகும் ஒருவரைப் பின்னுரித்தாளராக நியமிக்கலாம். விற்க முடியாது. போமிட்டின் அடுத்த படியாக அளிப்புப் பத்திரம் உண்டு. சுவர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் வழங்கப்பட்டவை இவ்வகையின. அளிப்புப் பெற்றவர்கூட பிரதேச செயலாளரின் முன்அனுமதியை எழுத்தில் பெறாமல் விற்றால் அந்த விற்பனை வெறுமையானது. அனுமதியைப் பின்னர் எடுத்துத் தருகிறேன் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். சட்டம் கேட்பது முன்அனுமதி.

2012 முதல் இந்திய வீட்டுத் திட்டத்தில் ரூபா 5 இலட்சத்து 50 ஆயிரம் உதவியுடன் கட்டப்பட்ட வீடுகள் பல இத்தகைய காணிகளில் நிற்கின்றன. வீடு புதியது, கல்வீடு, வீதிக்கு அருகில், விலையும் குறைவு. பார்ப்பவருக்கு ஆசை வராமல் இராது. விலை ஏன் குறைவு என்பதைத்தான் கேட்க வேண்டும். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், சவூதியில் மனைவி உழைத்த ஆறு வருடச் சம்பளத்தைக் கொடுத்து அப்படியொரு வீட்டைக் கடிதத்தில் வாங்கியது. மதில் கட்டினார்கள், தென்னை வைத்தார்கள். போமிட்காரர் இறந்தபின் அவரது மகன் பிரதேச செயலகத்தில் பதியப்பட்ட பின்னுரித்தாளர் நியமனத்தோடு வந்து நின்றார். அவர் கெட்டவர் அல்லர். தகப்பன் விற்றது தமக்குத் தெரியாது என்றார். தெரிந்திருந்தாலும் சட்டத்தில் வேறுபாடு இல்லை. அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது கடிதம் மட்டுமே.

இப்படி ஏற்கனவே வாங்கிக் குடியிருப்பவர்கள் ஒளித்திருப்பதால் பயன் இல்லை. போமிட்காரர் உயிரோடு இருக்கும்போதே அவரையும் அழைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குச் சென்று, என்ன வழி உண்டு என்று கேளுங்கள். வழி இல்லை என்ற பதில் கிடைத்தாலும், மதிலுக்கும் மேல்மாடிக்கும் மேலும் பணம் போடாமல் இருக்கலாம்.

பங்குக் காணியும் பெண்களின் ஒப்பமும்

யாழ்ப்பாணத்து உறுதிக் காணியில் சிக்கல் வேறு. முதுசமாக வந்த வளவு பல பிள்ளைகளுக்குப் பிரிபடாத பங்குகளாக இறங்கியிருக்கும். ஒருவர் கனடாவில், ஒருவர் கொழும்பில், ஒருவர் இறந்து அவரது பிள்ளைகள் பாரிஸில். வீட்டில் இருப்பவர் "எல்லாம் என்னுடையதுதான்" என்பார். அவர் விற்கக்கூடியது தமது பங்கை மட்டுமே.

அதிலும் தேசவழமை குறுக்கே நிற்கும். பங்குக்காரருக்கும் உரித்தாளருக்கும் அந்தப் பங்கை முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதனை ஒழுங்கு செய்தது. நொத்தாரிசு மூலம் அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடாமல் வெளியாருக்கு விற்றால், அவர்கள் நீதிமன்றம் சென்று உங்களிடமிருந்து அதை மீட்டுக்கொள்ளலாம். இந்த அறிவித்தல் வழக்கம் பழையது. ஒல்லாந்தர் காலத்தில் காணி விற்க எண்ணியவர் தம் ஊர்த் தேவாலயத்தில் அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்ற கட்டளை இருந்ததைத் தேசவழமைத் தொகுப்பே குறிப்பிடுகின்றது. கலியாண ஓலை வாசிப்பது போலக் காணி விற்பனையையும் வாசித்திருக்கிறார்கள்! இன்று வாசிப்பதில்லை. ஆகவே வாங்குபவரே பங்குக்காரரைத் தேடிச் சென்று கேட்க வேண்டியிருக்கிறது.

விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணாயின், அசையா ஆதனத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. சீதனமாக வந்த தன் வீட்டை விற்க ஒரு பெண் இன்னொருவரின் ஒப்பத்துக்குக் காத்திருப்பது நியாயமா என்று பெண்கள் நீண்டகாலமாகக் கேட்டு வருகிறார்கள். கேட்பது சரியே. உறுதி எழுதும் நாளில் சட்டம் எந்நிலையில் உள்ளது என்பதை நொத்தாரிசிடம் கேட்டறியுங்கள். போரில் கணவர் காணாமற்போன சகோதரிகள் இதனால் விற்கவே முடியாது என்று எண்ணி, தரகர் சொன்ன அடிவிலைக்கு வெறுந்தாளில் எழுதிக் கொடுத்ததைக் கண்டிருக்கிறோம். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. கணவர் இருக்கும் இடம் தெரியாதபோதும், அவர் நியாயமின்றிச் சம்மதத்தை மறுக்கும்போதும், மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதமின்றி விற்க அனுமதி வழங்கலாம் என்று அதே சட்டம் கூறியது. ஒருவர் காணாமற்போனார் என்பதற்கான சான்றிதழைப் பெறவும் 2016 இல் சட்டம் இயற்றப்பட்டது.

தோம்பு, ஒழுங்கை, கிணறு

உறுதியைப் பார்த்தால் போதாது. காணிப் பதிவகத்தில் தோம்பு தேட வேண்டும். ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றிருந்தால், 1927 ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, மோசடியின்றி விலைகொடுத்து முதலில் பதிந்தவரின் உறுதியே முன்நிற்கும். முதலில் எழுதியவருடையது அன்று. ஈடு இருக்கிறதா, வழக்குப் பதியப்பட்டிருக்கிறதா என்பதும் தோம்பில்தான் தெரியும். குறைந்தது 30 ஆண்டுகள் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். போரில் சில பதிவேடுகள் சிதைந்து போயின. பக்கம் கிடைக்கவில்லை என்றால் விலை பேசுவதை நிறுத்தி, முந்திய உறுதிகளை விற்பவரிடம் கேளுங்கள். இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்களும் மனந்தளர வேண்டாம். நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் பதிவகத்துக்குச் செல்கின்றது. இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

பின்னர் காணிக்குப் போய் நில அளவையாளரைக் கொண்டு அளவுங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ். உறுதியில் நான்கு பரப்பு என்றிருக்கும், வேலிக்குள் மூன்றரையே இருக்கும். பாதி பரப்புக்கு இன்று என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். ஒழுங்கை யாருடையது, உறுதியில் வழிவாய்க்கால் உரிமை எழுதப்பட்டுள்ளதா, கிணற்றில் எத்தனை பங்கு என்பவற்றையும் பாருங்கள். பல ஆண்டு வழக்குகள் எத்தனையோ வீட்டைப் பற்றியவை அல்ல, வீட்டுக்குப் போகும் எட்டடி ஒழுங்கையைப் பற்றியவை.

வீட்டில் வேறு யாரேனும் குடியிருந்தால் அவர் எழும்பிய பின்னரே மிகுதிப் பணம். பத்து ஆண்டுகள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்பது 1871 ஆம் ஆண்டுச் சட்டம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான போர்க்காலத்தை அந்தக் கணக்கிலிருந்து நீக்க 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதைப் பயன்படுத்த இரண்டு ஆண்டுகளே கொடுக்கப்பட்டன. பலருக்குச் செய்தி போய்ச் சேரும்போது அந்த இரண்டு ஆண்டுகளும் முடிந்துவிட்டன.

வெளிநாட்டில் இருப்பவருக்காக அற்றோணித் தத்துவம் பெற்றவர் விற்கிறாரா? தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அது அன்றோடு முடிந்தது. அவரோடு தொலைபேசியில், முகம் தெரியப் பேசாமல் ஒரு சதமும் கொடாதீர்கள். வெளிநாட்டுப் பிரசையான உறவினரின் பெயரில் வாங்க எண்ணுபவர்களும் கவனிக்க: 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி, இரட்டைப் பிரசாவுரிமை பெறாத வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவது பொதுவாகத் தடை.

கடனுக்காக அறுதி எழுதாதீர்கள்

இது விற்பவர்களுக்கு, உண்மையில் விற்க விரும்பாதவர்களுக்கு. மகனை வெளிநாடு அனுப்ப, சத்திரசிகிச்சைக்கு, படகு இயந்திரத்துக்கு என்று பத்து இலட்சம் கடன் தேவைப்படுகிறது. கடன் கொடுப்பவர் ஈடு வேண்டாம் என்கிறார். "அறுதியாக எழுதித் தாருங்கள், காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்." நாற்பது இலட்சம் பெறுமதியான வீடு பத்து இலட்சத்துக்கு விற்றதாக உறுதி முடிகிறது. ஈடாக இருந்தால் அவர் வழக்குப் போட்டே வீட்டைத் தொட முடியும். அறுதி எழுதிய பின் காணி சட்டப்படி அவருடையது. உங்களையே வாடகைக்காரர் என்று சொல்லி வெளியேற்ற வழக்குப் போடுவார். திருப்பித் தருவேன் என்று வாயால் சொன்னது, மேலே கூறிய 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் நில்லாது. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவில் ஒரு வாசல் உண்டு: உரிமையாளர் உண்மையில் தம் உரிமையைக் கைவிட எண்ணவில்லை என்பது சூழ்நிலைகளால் தெரிந்தால் நீதிமன்றம் அவருக்காகத் தீர்ப்பளிக்கலாம். அடிவிலை, தொடர்ந்த குடியிருப்பு, வட்டி கட்டிய பற்றுச்சீட்டு எல்லாம் அங்கே சாட்சி. ஆனால் அந்த வாசலுக்குப் போகச் செலவும் ஆண்டுகளும் வேண்டும். கடன் வேண்டுமாயின் ஈட்டு உறுதி எழுதுங்கள். அதற்குச் சம்மதியாதவர் கடன் கொடுக்க வரவில்லை, வீடு வாங்க வந்திருக்கிறார்.

உண்மையாக விற்பவர்கள் மூல உறுதியைத் தரகர் கையில் விடாமல், நிழற்பிரதியை மட்டும் கொடுங்கள். முற்பணம் வாங்குவதானால் நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதி வாங்குங்கள்; கொடுப்பவருக்கும் அதுவே பாதுகாப்பு. முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 30 இலட்சத்துக்கு ரூபா 1 இலட்சத்து 19 ஆயிரம் வரும். இதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுபவர்கள், நாளை உரிமையில் பழுது கண்டு பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அந்தக் குறைந்த தொகையே தம் முன் நிற்பதைக் காண்பார்கள்.

மிகுதிப் பணத்தை வங்கிக் காசோலையாக நொத்தாரிசின் மேசையில், ஒப்பமிடும் வேளையில் கொடுங்கள். ஒப்பமிட்டதோடு வீட்டுக்குப் போய்விட வேண்டாம். பதிவுக்கு எப்போது அனுப்புவார் என்று கேட்டு, அந்த நாளில் திரும்பிச் செல்லுங்கள். உறுதி கைக்கு வந்ததும் காணிப் பதிவகம் அதில் எழுதிய தொகுதி இலக்கமும் பக்கமும் பதிந்த திகதியும் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பெட்டியில் வையுங்கள்.