சர்க்கரையும் கல்லீரலும்: வைப்பைக் கலைக்கும் முன்

பெங்களூரு நீலசந்திராவில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே கலைக்க வருவோரிடம் காரணம் கேட்டால், மருத்துவச் செலவு என்னும் விடையே எமக்கு அடிக்கடி கிடைக்கிறது. அச்செலவு ஹெபடைட்டிஸ் சி எனும் கல்லீரல் நோய்க்காக எனில், கையெழுத்திடும் முன் சில செய்திகளை அறிந்துகொள்வது நலம்.

இரத்தத்தின் வழியே பரவும் இவ்வைரஸ், பல ஆண்டுகள் அறிகுறியின்றிக் கல்லீரலில் தங்கியிருக்கும். தானமாகப் பெறும் இரத்தத்தில் இதற்கான சோதனை நம் நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டோர் ஒருமுறையேனும் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

பலரும் அறியாதது, இது சர்க்கரை நோய்க்கும் வழிவகுக்கிறது என்பதாகும். உணவுக்குப் பின், மேலும் சர்க்கரையை வெளியிடாதே எனக் கல்லீரலுக்கு இன்சுலின் ஆணையிடுகிறது. வைரஸ் தொற்றிய கல்லீரல் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. நிறுத்திவைக்கச் சொன்ன காசோலைக்கும் பணம் வழங்கப்படுவது போன்றது இது! ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அதுவும் தளரும்போது இரத்தச் சர்க்கரை ஏறிவிடுகிறது. இதனையே இன்சுலின் எதிர்ப்பு என்கின்றனர்.

முன்னர் இண்டர்ஃபெரான் ஊசியை 24 அல்லது 48 வாரங்கள் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. காய்ச்சலும் சோர்வும் வாட்டும். இன்சுலின் எதிர்ப்பு உள்ளோர் குணமடையும் வாய்ப்போ மேலும் குறைவு. இன்றைய மாத்திரைகளைப் பெரும்பாலோர் 12 வாரங்கள் உட்கொண்டால் போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் குணமடைகின்றனர். சர்க்கரை நோய் இதற்குப் பெருந்தடையன்று.

2013-ல் அமெரிக்காவில் அறிமுகமான சோஃபோஸ்புவிர் மாத்திரை ஒன்றின் விலை 1,000 டாலர். 2014-ல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்தபின் இங்கு விலை வெகுவாகச் சரிந்தது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். ஆகவே முதலில் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். வைப்பு அங்கேயே இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை உண்டு. வைரஸ் அகல அகல, கல்லீரல் இன்சுலினுக்கு மீண்டும் செவிசாய்க்கத் தொடங்கலாம். பழைய அளவிலேயே இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். எனவே சிகிச்சைக் காலத்தில் சர்க்கரையை அடிக்கடி அளந்து, மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டே மாற்றுக. சிகிச்சை முடிந்த 12 வாரங்களுக்குப் பின் செய்யும் இரத்தச் சோதனையே வைரஸ் நீங்கியதை உறுதிசெய்யும், அதனைத் தவறவிடற்க.