அரைக் கிலோ கறியில் யாருக்கு என்ன பங்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை. பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்புகிற கணவருக்கு அடுக்களையிலிருந்து குரல் வருகிறது.

‘‘என்னங்க... இளங்கறியா பார்த்து வாங்குங்க. கொஞ்சம் நெஞ்செலும்பும் போடச் சொல்லுங்க, மாமாவுக்கு சூப் வைக்கணும். அப்படியே எங்கேயாவது ஆட்டுப்பால் கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்க. பாப்பாவுக்குப் பசும்பால் ஒத்துக்கவே மாட்டேங்குது!’’

மூன்று கோரிக்கையிலும் அக்கறை தெரிகிறது. ஆனால், மூன்றிலுமே ஒரு சின்னச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதிலும் கடைசியில் சொன்னது கொஞ்சம் விபரீதமானது என்பதால், அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஆட்டுப்பால் ஒன்றும் மட்டமான பால் இல்லை. பசு, எருமைப் பாலைத் தொடுவதில்லை என்று விரதம் எடுத்திருந்த காந்திஜி, கடுமையான வயிற்றுக்கடுப்பால் துவண்டு கிடந்தபோது, கஸ்தூர்பா சொன்ன யோசனையின் பேரில் குடிக்க ஆரம்பித்தது ஆட்டுப்பாலைத்தான். 100 கிராம் ஆட்டுப்பாலில் புரதம் சுமார் 3.3 கிராம், கொழுப்பு 4.5 கிராம். கால்சியம் 170 மில்லிகிராம். இந்தக் கணக்கில் அது பசும்பாலுக்கு ஒரு படி மேலேதான். கொழுப்புத் துளிகள் மிகச் சிறியவை என்பதால் பசும்பால் போல மேலே ஏடு சட்டென்று திரளாது. வயதானவர்கள் ‘லேசா இருக்கு, நல்லா செரிக்குது’ என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்புறம் என்ன, குழந்தைக்குக் கொடுத்தால் என்ன என்கிறீர்களா?

ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் என்கிற பி வைட்டமின் மிக மிகக் குறைவு. தாய்ப்பாலிலும் பசும்பாலிலும் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கஷ்டம். ரத்தச் சிவப்பணுக்கள் உருவாக இந்த வைட்டமின் வேண்டும். வேறு ஆகாரமே இல்லாமல் ஆட்டுப்பால் மட்டும் குடித்து வளர்கிற குழந்தை நாளடைவில் வெளுத்துப் போகும், சோர்ந்து படுக்கும். 1920-களில் ஜெர்மனியில் இப்படி வெளுத்துப்போன குழந்தைகளை நிறையப் பார்த்த டாக்டர்கள், இந்த நோய்க்கு ‘ஆட்டுப்பால் சோகை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று. தாய்ப்பாலில் புரதம் 100 கிராமுக்கு ஏறக்குறைய 1 கிராம்தான். ஆட்டுப்பாலில் அதுபோல மூன்று மடங்கு. பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு இந்தப் பளு அதிகம். தண்ணீர் கலந்து நீர்க்க வைத்தால் சக்தி போய்விடும். அதனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு இணை உணவு. ஒரு வயது நிறையும் வரை பசும்பாலோ ஆட்டுப்பாலோ குழந்தையின் முக்கிய ஆகாரமாக இருக்கக் கூடாது. தாய்ப்பால் போதவில்லை என்றால் பால்காரரிடம் அல்ல, குழந்தை டாக்டரிடம் போங்கள்.

‘பசும்பால் ஒத்துக்கலையே?’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பசும்பால் புரதம் நிஜமாகவே அலர்ஜி என்றால், அந்தக் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. இரண்டு புரதமும் ஏறத்தாழ ஒரே ஜாடை! பாலில் உள்ள சர்க்கரைதான் செரிக்கவில்லை என்றால், அதுவும் இரண்டு பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

ஒரு வயது தாண்டி, சாதம், பருப்பு, கீரை என்று எல்லாம் சாப்பிடுகிற குழந்தைக்கு ஆட்டுப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான். ‘கறந்த சூட்டோட குடிச்சாத்தான் பலம்’ என்று கிராமத்தில் டம்ளரை நீட்டினால், அன்போடு மறுத்துவிடுங்கள். மத்திய தரைக்கடலில் மால்ட்டா என்று ஒரு குட்டித் தீவு. அங்கே இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை விட்டு விட்டு வருகிற காய்ச்சலும் மூட்டு வலியும் மாதக்கணக்கில் படுக்கையில் தள்ளின. 1887-ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது புரிய மேலும் 18 வருடங்கள் ஆயின. 1905-ல் தெமிஸ்டோகிளிஸ் சாமித் என்ற மால்ட்டா டாக்டர், பார்க்க ஆரோக்கியமாக இருந்த உள்ளூர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்து, குற்றவாளி அவைதான் என்று காட்டினார். மறு வருடம் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. புருசெல்லோசிஸ் என்கிற அந்த நோய் நம் நாட்டு ஆடு, மாடுகளிடமும் உண்டு. காய்ச்சினால் கிருமி செத்துவிடும், அவ்வளவுதான்.

(டெங்கு சீசன் வந்தால் டெல்லிப் பக்கம் ஆட்டுப்பால் விலை தாறுமாறாக ஏறிவிடுகிறது. ரத்தத்தில் தட்டணுக்களை அது கூட்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. காய்ச்சாமல் குடித்தால் புதுக் காய்ச்சல் ஒன்று வேண்டுமானால் வரலாம்!)

சரி, கறிக்கடைக்கு வருவோம். ‘மட்டன்’ என்று ஒரே பெயரில் நாம் வாங்குவது வெள்ளாடா, செம்மறியா? இது வெறும் ருசி விஷயம் இல்லை. கொழுப்பு நீக்கிய வெள்ளாட்டுக் கறி 100 கிராமில் புரதம் சுமார் 21 கிராம், கொழுப்பு 4 கிராமுக்கும் குறைவு. செம்மறிக் கறியில் புரதம் 18 கிராம் அளவில் இருக்க, கொழுப்பு 13 கிராம் வரை போகும். வெள்ளாடு தன் கொழுப்பைப் பெரும்பாலும் வயிற்றுக்குள் குடலைச் சுற்றி வைத்துக்கொள்ளும். செம்மறி, தோலுக்கு அடியிலும் சதைக்கு நடுவிலும் சேர்த்து வைக்கும். குடலைச் சுற்றிய கொழுப்பைக் கடைக்காரர் எடுத்துவிடுவார். சதைக்குள் இருப்பதை யார் எடுப்பது?

அடையாளம் எளிது. உரித்துத் தொங்கவிட்டிருக்கும்போது வாலைப் பாருங்கள். அந்த நுனியை விட்டு வைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. வெள்ளாட்டு வால் குட்டையாக மேல்நோக்கி இருக்கும். செம்மறி வால் தொங்கும். இளம் ஆட்டின் கறி வெளிர் சிவப்பு, முற்றினால் கருஞ்சிவப்பு. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். ஈரலில் நீர்க்கட்டி, வெள்ளைப் புள்ளி தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இளங்கறிதான் வாங்கினோம், ஆனாலும் வேகவே இல்லை என்று புலம்புகிறீர்களா? பழி ஆட்டின் மேல் இல்லை. வெட்டிய சில மணி நேரத்தில் தசைகள் விறைத்து இறுகும். பிறகுதான் மெல்லத் தளரும். சூடு ஆறாத கறியை வாங்கி வந்து நேராக ஃப்ரீசரில் திணித்தால் இன்னும் மோசம், ரப்பர் ஆகிவிடும். மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்துவிட்டுச் சமைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சனிக்கிழமை வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை விருந்து ஜோர்!

இனி மாமாவின் சூப். நெஞ்செலும்பை வேகவைத்துச் சாறை மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டு, ‘சத்தெல்லாம் அதுலயே இறங்கியிருக்கும்’ என்று நிம்மதி அடைகிறோம். இறங்குவது உப்பும் ருசியும் கொஞ்சம் ஜெலட்டினும். ஜெலட்டின் அரைகுறைப் புரதம். அதை வைத்து மட்டும் உடம்பு சதை கட்டாது. எலும்பில் இருக்கிற கால்சியமும் சாறில் அதிகம் வராது. வாய்க்கு ருசியாகச் சூடாக உள்ளே போகிறது என்பது நல்ல விஷயம்தான். ஆனால் பெரியவருக்கு மெல்ல முடியவில்லை என்றால், வெந்த கறியைக் கொத்துக்கறி போல நைய மசித்து அந்த சூப்பிலேயே சேர்த்துக் கொடுங்கள். புரதம் அந்தச் சதையில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிற அம்மா என்ன சாப்பிடுகிறார்? கணவருக்குத் தொடைக்கறி, பையனுக்கு ஈரல், மாமாவுக்கு சூப். கடைசியில் சட்டியில் மிஞ்சிய குழம்பும் உருளைக்கிழங்கும் அவருக்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, வீட்டில் கறியின் இரும்புச்சத்து யாருக்கு அதிகம் தேவையோ, அவர் தட்டில்தான் கறி இல்லை! கீரையில் உள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கறியில் உள்ள இரும்பு அதைவிடச் சுலபமாக ரத்தத்தில் சேரும். கூடவே, அதே சாப்பாட்டில் உள்ள கீரை, பருப்பின் இரும்பையும் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் மட்டும் பாதி வேலை கெட்டுவிடும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

அளவும் முக்கியம். ஆட்டுக்கறியும் சிவப்புக் கறிதான். அது புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு எச்சரித்தது. சமைத்த கறியாக ஒருவருக்கு வாரம் அரைக் கிலோவுக்குள் போதும். கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் மூளையைத் தொட வேண்டாம். கர்ப்பிணிகள் கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், ஆனால் ஈரல் கூடாது. அதில் மலையாகக் குவிந்திருக்கும் வைட்டமின் ஏ, வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு ஆகாது.

கடைக்காரரிடம் சுவரொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். மண்ணீரல்தான் அது. சாதாரணக் கறியில் இருப்பதைப் போலப் பல மடங்கு இரும்பு அதில் உண்டு. பாட்டிமார்கள் பிள்ளை பெற்றவளுக்கு அதைத் தேடி வாங்கியது சும்மா இல்லை! மேல்தோலைச் சீவிவிட்டு, சின்ன வெங்காயம், மிளகுத்தூள் போட்டு நன்றாக வதக்கினால் பத்து நிமிடத்தில் தயார். எலுமிச்சம்பழம் பிழிந்து அம்மா சாப்பிடட்டும். தலசீமியா உள்ளவர்களும், யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்களும் மட்டும் தவிர்க்க வேண்டும். ஒன்று மட்டும்... சுவரொட்டி சாப்பிடுகிறோமே என்று டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.