மருந்துச் சீட்டு மட்டும் போதுமா?

"சொன்னபடி கேட்கமாட்டார்கள், மாத்திரையைப் பாதியில் நிறுத்துவார்கள், முற்றிய பிறகு ஓடிவருவார்கள்." ஏழை நோயாளியைப் பற்றி மெத்தப் படித்தவர்கள் பேசும் பேச்சு இது. கேட்கமாட்டார்களாம்! கேட்கும்படி யார், எப்போது சொன்னார்கள் என்பதுதான் நம் கேள்வி.

வெகுதூரம் போகவேண்டாம். நம் அரூர் வட்டாரத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். மலையாளிப் பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழும் இடம். 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் துணைவியார் டாக்டர் லலிதாவும் அங்கே போய்ச் சேர்ந்த காலத்தில், பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 150 ஓராண்டு நிறையுமுன்பே மடிந்தன. அறுவைச் சிகிச்சை என்றால் 100 கிலோமீட்டர் போகவேண்டும். ஊரார் சேர்ந்து போட்டுக்கொடுத்த குடிசைதான் முதல் மருத்துவமனை.

பிற்காலத்தில் அந்தச் சாவு இருபதுகளுக்கு இறங்கியது. டாக்டர்களின் தொண்டு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்த முதற்காரியம் என்ன? பெரும் படிப்பில்லாத உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தையை எடை போட்டார்கள், கர்ப்பிணியைப் பரிசோதித்தார்கள், எப்போது மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும் என்று தாய்க்கு அவள் பேச்சிலேயே சொன்னார்கள்.

படிக்காதவர் கையில் வைத்தியத்தைக் கொடுக்கலாமா என்று முகஞ்சுளிப்போர் 1971-ஐ நினைத்துப் பார்க்கட்டும். வங்கதேசத்து அகதிகள் மேற்கு வங்கத்தில் வந்து குவிந்தார்கள். காலரா வாரிக்கொண்டு போயிற்று. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகலானாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்து, ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில் அது நாலுக்கும் கீழே இறங்கிற்று. தாயும் மனைவியுமே அங்கே நர்சுகள்!

இன்று பாட்டாளி வீட்டில் புகுந்திருப்பது சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். டாக்டர் பார்ப்பது மாதத்தில் சில நிமிடம். மற்ற நாளெல்லாம் நோயாளிதான் தனக்கு டாக்டர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து நோயாளிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள்: தன் நோயைத் தானே கவனித்துக்கொள்ள முடியும் என்ற தெம்பு குறைந்தவர்களே, வீடு திரும்பிய 30 நாளுக்குள் மீண்டும் அதிகமாக மருத்துவமனை ஏறினார்களாம். தெம்பு மட்டும் நோயைத் தீர்த்துவிடாது. மருந்தும் டாக்டரும் பாதையும் வேண்டும். அவற்றைக் கேட்பதை நாம் நிறுத்தப்போவதில்லை.

2021 ஆகஸ்டு 5-இல், பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தது. நல்ல காரியம். மாத்திரையோடு விளக்கமும் வரவேண்டும் என்கிறோம்.

தோழர்களே! படுக்கை வாங்கித் தருவதோடு நம் வேலை தீர்ந்துவிடவில்லை. நோயாளியுடன் கூடவே நில்லுங்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டைத் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். எந்த மாத்திரை எதற்கு, காலில் புண் வந்தால் என்ன செய்வது, எந்த அறிகுறி கண்டால் அன்றிரவே திரும்பி வரவேண்டும் என்பதை வாய்விட்டுக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராயின், கேட்டதை அவர் திருப்பிச் சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.