தாத்தாவோட டபுள் பேரல்... ஒரிஜினலா பாஸ்?

பழைய புல்லட் வண்டியை ரெடி பண்றவங்க நம்ம காலேஜ் பார்க்கிங்லயே நாலு பேர் தேறுவாங்க. 'டேங்க் ஒரிஜினலா, டூல்பாக்ஸ் ஒரிஜினலா'ன்னு மணிக்கணக்கில் சண்டை போடுவாங்க. அதே சண்டை இரட்டைக்குழல் துப்பாக்கிக்கும் உண்டு! 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊராச்சே... புதுச்சேரியில் வேட்டைத் துப்பாக்கி வெச்சிருக்கிற பழைய குடும்பங்கள், 'இது அசல் பிரான்ஸ் சரக்கு' என்று பெருமையடிப்பது சகஜம். நிஜம்தானா? மெக்கானிக்கல் மூளையைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன்.

முதல் விஷயம், குழல் மேல பளிச்சுனு இருக்கிற பேரை நம்பாதீங்க. பேர் பொறிக்க ஒரு உளி போதும். 'மான்டன்' என்ற பேருக்கு ஒரு காலத்தில் ஏக மவுசு. ஆனால், லண்டன் ஜோசப் மான்டன் 1835-லேயே இறந்துட்டார். குழலை மடக்கி, பின்பக்கமாகத் தோட்டா போடுகிற முறையை பாரீஸில் லெஃபோஷெ கொண்டுவந்ததே 1830-களில்தான். இங்கிலாந்தில் அது பரவியது 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகு. ஆக, மடங்குகிற துப்பாக்கியில் 'ஜோசப் மான்டன், லண்டன்' என்றிருந்தால் சிரிச்சுட்டு நகர்ந்துடலாம். 'மான்டன் அண்ட் கோ, கல்கத்தா' என்றிருந்தால் அவசரப்படாதீங்க. அது நிஜமாகவே இருந்த கடை!

அப்போ எதை நம்புறது? குழலைக் கழற்றி (தோட்டா இல்லைனு உறுதி செய்துவிட்டு, லைசென்ஸ்காரர் கையாலேயே!) அடிப்பக்கத்தைப் பாருங்க. அங்கேதான் துப்பாக்கியின் ஜாதகம். குழல் தாங்குமா என்று அதிக மருந்து போட்டு வெடித்துச் சோதிக்கிற கூடங்கள் ஐரோப்பாவில் உண்டு. பாஸானால் முத்திரை. கிரீடமும் குறுக்காக வைத்த இரண்டு ஓலையும் இருந்தால் பிரான்ஸின் சேந்த்-எத்தியென். முட்டை வடிவத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' என்றால் பெல்ஜியத்தின் லியேஜ். அந்த முட்டைக்கு மேல் கிரீடமும் இருந்தால் 1893-க்கு அப்புறம். 'அசல் லண்டன்' என்று சொல்லப்படும் துப்பாக்கியின் வயிற்றில் 'ஈ.எல்.ஜி.' இருந்தால்... கதை கந்தல்!

அடுத்தது நம்பர். குழல், நடுவில் உள்ள இரும்பு உடல், முன்கட்டைக்குள் இருக்கும் இரும்பு, மூணிலும் ஒரே நம்பர் இருக்கணும். முத்தியால்பேட்டையில் ஒரு நண்பன் வீட்டில் அவங்க தாத்தா கழற்றிக் காட்டினார். இரண்டு பொருந்தியது, மூணாவது உதைத்தது.

"தாத்தா, முன்கட்டை நம்பர் மட்டும் வேற மாதிரி இருக்கே?"

"அது எங்கப்பா காலத்துலயே உடைஞ்சு போச்சு தம்பி. வேறொரு துப்பாக்கியோடத வாங்கி, சீவிப் பொருத்துனாங்க. அதுக்கென்ன, இன்னிக்கும் கணக்கா நிக்குது பாரு!"

சேகரிப்பாளர்கள் இதற்கு விலையைக் குறைப்பாங்க. எனக்கென்னவோ, அந்த ஒட்டுக்கட்டைதான் பிடிச்சிருந்தது.

ஸ்க்ரூ தலையையும் விடாதீங்க. நல்ல துப்பாக்கிகளில் பூவேலைப்பாடு ஸ்க்ரூ தலை மேலேயும் தொடர்ந்து ஓடும். கோடு அறுந்திருந்தால் ஸ்க்ரூ மாறியிருக்கலாம். இரண்டு குதிரைகளில் ஒன்றின் வேலைப்பாடு மட்டும் மொட்டையாக இருந்தால், அதுவும் பிற்பாடு வந்ததாக இருக்கலாம்.

டமாஸ்கஸ் குழல் தனி ரகம். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றி, கொல்லுலையில் அடித்து ஒட்டவைத்த குழல். மேலே அலை அலையாகக் கோலம் தெரியும். (நம்ம கொடுமணல் மூசை எஃகு வேறு, இது வேறு.) இதிலும் டுபாக்கூர் உண்டு... சாதா எஃகில் மேலோட்டமாக டிசைன் மட்டும் போட்டது! கோலம் அடிப்பக்கம் வரை தொடர்கிறதா என்று பாருங்க. வெளியே மட்டும் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படலாம்.

இதெல்லாம் வெறும் பெருமைப் பிரச்னை இல்லை பாஸ், உயிர்ப் பிரச்னை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால், ஒரு உருண்டையின் விட்டம்தான் 12 போர். ஈயத்தின் அடர்த்தியை வெச்சுப் போட்டுப் பாருங்க, 18.5 மி.மீ. வரும். ஆனால், விட்டம் ஒத்துப்போனால் போதாது. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மி.மீ. இன்றைய தோட்டா சாதாரணமாக 70. வாய் மடிந்திருப்பதால் உள்ளே சுலபமாகப் போயிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் வழியை நெருக்கும், அழுத்தம் எகிறும். கருமருந்துக்குச் செய்த குழலில் இன்றைய புகையில்லா மருந்து என்றால் ஆபத்து இன்னும் ஜாஸ்தி. விரல் போகும், கண் போகும்.

சட்டமும் கறார்தான். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியை ரிப்பேர் பார்க்கக் கூடாது. 8-வது பிரிவு, பொறித்த பேரையோ நம்பரையோ அழிப்பதும் மாற்றுவதும் குற்றம் என்கிறது. லைசென்ஸ்காரர் காலமானால், 'தாத்தா ஞாபகமா இருக்கட்டும்' என்று பரணில் போடவும் முடியாது. வாரிசுகள் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, தங்கள் பேரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கணும். ரிப்பேர் செய்தாலும் சுடவே முடியாத புராதனத் துப்பாக்கிக்கு மட்டும் 45-வது பிரிவில் விலக்கு உண்டு.

நண்பன் ஒரு பிளான் வெச்சிருந்தான். குழலை லேத் பட்டறையில் கொடுத்து, பஃப் அடித்து, புதுசா கறுப்பேத்தி தாத்தாவுக்கு சர்ப்ரைஸ் கொடுக்கணுமாம். 8-வது பிரிவைச் சொன்னதும் கப்சிப்! இப்போ துணியில் எண்ணெய் தொட்டுத் துடைப்பதோடு சரி. அதுவும் தாத்தாதான் துடைக்கிறார்.